ஒருவர் போனால் எல்லோரும் போகும் ஆட்டங்கள்: கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் முதல் லூடோ கிங் வரை

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் ஆட்டத்தில் எங்கள் கல்லூரி விடுதித் தோழர்கள் சேர்ந்து தொடங்கிய கிளானில், அதாவது குழுவில், 2014ஆம் ஆண்டின் இறுதியில் இருபத்து மூன்று பேர் இருந்தோம். 2017இல் அது ஐந்தாகக் குறைந்தது. 2020இல் நான் ஒருவன் மட்டும் மாதம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பதினான்கு பேர் இருக்கிறோம். இடைப்பட்ட ஆண்டுகளில் அதே தோழர்களோடும், அம்மா, சித்தி, அண்ணி ஆகியோரோடும், அக்கா மகனைப் பின்தொடர்ந்தும் வேறு பல ஆட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். எதையும் தனியாகத் தொடங்கவில்லை, எதையும் தனியாக விடவும் இல்லை.

கைப்பேசி ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படத்தின் அழகையும் ஒலியையும் புதிய பதிப்பில் சேர்ந்த ஆயுதங்களையும் பற்றி எழுதுகிறார்கள். அவற்றால் கவரப்பட்டு ஓர் ஆட்டத்தை இறக்கியவன் நானும்தான். ஆனால் எங்கள் கூட்டம் ஓர் ஆட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போன ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் பார்த்தால், முதலில் ஒரே ஒருவர் விலகியிருப்பார். அவருக்கு நேரமில்லாமல் போயிருக்கும், அல்லது போன் கெட்டிருக்கும், அல்லது யாரோ அவர் மனம் நோகும்படி நடந்திருப்பார்கள். அதன்பின் ஒரு மாதத்துக்குள் பாதிக்கூட்டம் வேறெங்கோ போயிருக்கும். ஆகவே இங்கே ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: வர முடியாமல் போனவரை இந்த ஆட்டம் எப்படி நடத்துகிறது?

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரைச் சேர்ந்த சூப்பர்செல் நிறுவனத்தின் ஆட்டம். 2012 ஆகஸ்டில் ஐபோனுக்கும் 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. நாங்கள் அப்போது கோவையில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். ஆண்ட்ராய்டில் வந்த சில மாதங்களில் எங்கள் விடுதியின் ஒரு மாடி முழுவதும் அதற்குள் இருந்தது. ஆளுக்கொரு கிராமம், தங்கமும் அமுதமும் சேர்த்து அதை வளர்க்க வேண்டும், படை திரட்டி முன்பின் தெரியாதவர்களின் கிராமங்களைத் தாக்கிக் கொள்ளையடிக்க வேண்டும். இதையே தனியாக ஆடியிருந்தால் நான் இரண்டு மாதத்தில் சலித்துப் போயிருப்பேன். என்னை நிறுத்தி வைத்தது கிளான் கோட்டைதான். அதில் ஒரு பொத்தானை அழுத்திப் படை கேட்டால், கிளானில் இருப்பவர்கள் தங்கள் படையிலிருந்து வீரர்களை அனுப்புவார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கு அவரவர் பெயருக்கு எதிரே இருக்கும். மெஸ்ஸில் ஒருவருக்கொருவர் சாம்பார் வாளியைத் தள்ளிக்கொண்டிருந்த அதே ஆட்கள் அறைக்குள் வந்து வில்லாளிகளைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

ஒரு கிளானில் ஐம்பது பேர் வரை இருக்கலாம். லீடர், கோ-லீடர், எல்டர், மெம்பர் என்று நான்கு படிகள் உண்டு. 2014 ஏப்ரலில் கிளான் வார் வந்தது. அதிலிருந்துதான் எங்கள் கிளான் உண்மையில் ஒரு கிளானாக ஆனது, உடைவதற்கான வித்தும் அப்போதே விழுந்தது. இரண்டு கிளான்கள் மோதும். ஏறக்குறைய ஒரு நாள் ஆயத்தம், ஒரு நாள் சண்டை. ஒவ்வொருவருக்கும் இரண்டு அட்டாக். எதிரியின் ஒரு கிராமத்திலிருந்து அதிகபட்சம் மூன்று ஸ்டார் எடுக்கலாம். இரு பக்கமும் ஸ்டார் சமமானால் அழிவின் விழுக்காட்டை வைத்து வெற்றி முடிவாகும். யார் தன் அட்டாக்கைப் பயன்படுத்தாமல் விட்டார் என்பது எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரியும்.

2016 பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்காக எங்களில் ஒருவன் பெங்களூரிலிருந்து சேலத்துக்கு இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தான். பதினைந்துக்குப் பதினைந்து வார். அவனுக்கு ஒரு அட்டாக் மிச்சம் இருந்தது. நாங்கள் ஒரு ஸ்டார் பின்தங்கியிருந்தோம். தர்மபுரி தாண்டியதும் போடுகிறேன் என்று எழுதியவன் தொப்பூர் மலைப்பாதையில் சிக்னல் இல்லாமல் சிக்கிக்கொண்டான். நேரம் முடிந்தது, தோற்றோம். இரவு ஒரு மணிக்கு எங்கள் லீடர் அவனைக் கிளானிலிருந்து நீக்கினான். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, தேநீர்க் கடை வெளிச்சத்தில் நின்று ஆட்டத்தைத் திறந்த போதுதான் அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவன் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை. அந்த வாரத்துக்குள் அவனோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பேர் வெளியேறினார்கள்.

இதில் ஆட்டத்தின் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாருக்கு வருகிறேன், வரவில்லை என்று அவரவரே பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றி வைத்துக்கொள்ள ஆட்டத்திலேயே ஒரு பொத்தான் உண்டு. சிவப்பில் இருப்பவரை வாரில் சேர்க்காமல் விட்டால் அவருக்கும் நிம்மதி, கூட்டத்துக்கும் நட்டமில்லை. இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். தேர்வு இருப்பவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்று இருப்பவர், இரவு ஷிப்ட் பார்ப்பவர் எல்லோரும் யாரிடமும் காரணம் சொல்லாமல் ஒதுங்கி நிற்கலாம். படை கொடுக்கலாம், அரட்டையில் இருக்கலாம், கிளானை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் எங்களில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. சிவப்புக்கு மாற்றுவது கூட்டத்தைக் கைவிடுவதாகும் என்ற எண்ணத்தை நாங்களே வளர்த்து வைத்திருந்தோம். பிறகு பொழுதுபோக்குக்கு வந்த இடத்தில் விடுப்புக் கேட்கவும் அஞ்ச வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில், 2016 மார்ச் 2ஆம் தேதி, அதே நிறுவனத்தின் சீட்டுப் போர் ஆட்டமான கிளாஷ் ராயல் உலகெங்கும் வெளியானது. விலகிப் போன மூவரும் அங்கே ஒரு புதிய கிளானைத் தொடங்கினார்கள். லீடரைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. நானும் போனேன். அப்போது யாராவது கேட்டிருந்தால், ஒரு ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிகிறது, அதனால் மாறினேன் என்று சொல்லியிருப்பேன். அதுவும் உண்மைதான். படிப்பு முடிந்து எல்லோரும் வேலைக்குப் போயிருந்தோம். கிளாஷ் ஆஃப் கிளான்ஸை ஆட போனைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும், அன்றைய நிலையில் படை தயாராவதற்கும் காத்திருக்க வேண்டும். கிளாஷ் ராயலில் போன் நிமிர்ந்தே இருக்கும். காந்திபுரம் டவுன் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கைப் பெருவிரலால் ஒரு ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆயினும், அந்த மூன்று பேர் மனம் நொந்து போகாமல் இருந்திருந்தால் எங்கள் கூட்டம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தே ஆடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஆடிய கிளான்கள் ஏராளம்.

கிளாஷ் ராயல் நேர்த்தியான ஆட்டம். எட்டுச் சீட்டுகளை வைத்து இவ்வளவு விதமான யோசனைகளுக்கு இடம் கொடுத்த வேறொன்றை நான் கண்டதில்லை. ஆனால் அதன் இயல்பு ஒற்றைக்கு ஒற்றை. தோழர்கள் சீட்டுக் கொடுப்பார்கள், பழைய ஆட்டங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். இருவர் சேர்ந்து ஆடும் முறை 2017இல் வந்தபோது கொஞ்ச நாள் கலகலப்பாக இருந்தது. தொடர்ந்து ஐந்து முறை தோற்றவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செயலியை அழித்துவிடுவார். அவர் இல்லாததைக் கிளான் ஒரு வாரம் கழித்தே உணரும். 2018 முடிவதற்குள் அங்கிருந்தும் கலைந்தோம். சண்டை எதுவும் நடக்கவில்லை, சண்டை போடும் அளவுக்கு ஒருவரையொருவர் சார்ந்திருக்கவில்லை.

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் வீட்டுக்குள் வந்தது லூடோ கிங். நவி மும்பையில் விகாஷ் ஜெய்ஸ்வால் நடத்தும் கேமேஷன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்த ஆட்டத்துக்குள் அந்த மாதங்களில் நாடே நுழைந்ததைப் போல இருந்தது. அண்ணன் கடை பூட்டிக் கிடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தி, அங்கே ஏப்ரல் 7 முதல் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாட்டால் வீட்டுக்குள் இருந்தார். இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே பதினொன்றரை. அண்ணன் ஒரு அறையை உருவாக்கி அதன் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அம்மா கரூரிலிருந்து, சித்தி சிங்கப்பூரிலிருந்து, நான் சென்னையிலிருந்து உள்ளே போவோம்.

அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் அந்த ஆண்டுதான் பழக்கமானது. ஆனால் ஆட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சிறுவயதில் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து பித்தளைத் தாயக்கட்டை உருட்டியவர் அவர். தாயத்தில் காய் இறக்க ஒன்று விழ வேண்டும், இங்கே ஆறு விழ வேண்டும். வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாம் என்பது இரண்டுக்கும் பொது. கடைசி வரை ஆறு விழும்போதெல்லாம் அம்மா "தாயம்!" என்றுதான் கத்துவார். சித்தியின் காயை வெட்ட வேண்டி வந்தால் இரண்டு விநாடி தயங்குவார். அண்ணன் காயை வெட்டத் தயங்கவே மாட்டார். "நம்ம கையால உருட்டாத கட்டைய எப்படிடா நம்புறது?" என்று அடிக்கடி கேட்பார். பகடையைக் கணினியிடம் ஒப்படைத்த எந்த ஆட்டத்திடமும் கேட்கக்கூடிய கேள்வி அது.

லூடோ கிங்கில் குறை சொல்ல வேண்டுமென்றால் விளம்பரங்களைச் சொல்லலாம். இலவச ஆட்டத்துக்கு அதுதான் வருமானம் என்றாலும், வயதானவர்கள் எதையாவது தவறித் தொட்டு வேறொரு பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஊரடங்கு ஆண்டில் பேசிக்கொண்டே ஆடும் வசதியும் ஆறு பேர் வரை ஆடும் வசதியும் சேர்க்கப்பட்டன, இரண்டுமே நல்ல மாற்றங்கள். ஆனால் நான் வியப்பது வேறொன்றை. இந்த ஆட்டம் நம்மைப் பற்றி எதையும் நினைவில் வைத்துக்கொண்டு மிரட்டுவதில்லை. பேரும் கடவுச்சொல்லும் கொடுக்காமல் விருந்தினராகவே உள்ளே வரலாம். இணையம் இல்லாவிட்டால் ஒரே போனைக் கைமாற்றி ஆடலாம். வளர்த்து வைத்த கோட்டை இல்லை, தவறவிட்ட பரிசு இல்லை.

அதனால்தான் அதை விடுவதும் அவ்வளவு எளிதாக நடந்தது. ஜூன், ஜூலையில் கடைகள் திறந்தன, சித்தி வேலைக்குப் போனார், ஒன்பது மணி என்பது யாருக்கும் பொதுவான நேரமாக இல்லாமல் போயிற்று. நிறுத்திவிடலாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. அம்மா மட்டும் கொஞ்ச நாள் ஒன்பது மணிக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி பிறகு சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சித்தி படுக்கையில் இருந்தபோது அம்மாவே கேட்டு அதைத் திரும்ப இறக்கினோம். பத்து நிமிடத்தில் நால்வரும் கட்டத்தின் நான்கு மூலைகளில் இருந்தோம். அங்கே யாரும் யாரையும்விடப் பின்தங்கியிருக்கவில்லை. முதியவர்களோடும் தொலைவில் இருப்பவர்களோடும் ஆட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்கிறேன்.

அண்ணியோடு சேர்ந்து நான் போன ஆட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தோட்டம் வைத்து, விளைந்ததை விற்று, குழுவாகச் சேர்ந்து வாரந்தோறும் பணிகளை முடிக்கும் வகையைச் சேர்ந்தது. அந்த வகையைத் தொடங்கி வைத்ததில் பெரும்பங்கு ஃபார்ம்வில்லுக்கு உண்டு. ஜிங்கா நிறுவனம் 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வெளியிட்ட அந்த ஆட்டம், அடோபி ஃப்ளாஷ் நின்றபோது 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. பதினோரு ஆண்டு நட்ட பயிர் ஒரே நாளில் இல்லாமல் போவதென்றால் என்னவென்று அதை ஆடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாங்கள் போன தோட்டம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத்தான் அதில் இடமில்லாமல் போயிற்று.

எங்கள் குழுவில் எட்டுப் பேர், எல்லோரும் அண்ணியின் பிறந்த வீட்டு உறவுகள், நடுவில் நான். ஒவ்வொரு வாரமும் யார் எத்தனை பணி முடித்தார்கள் என்று மேலிருந்து கீழாக ஒரு பட்டியல் வரும். ஒருவர் குறைவாகச் செய்தால் குழு முழுவதற்கும் பரிசு குறையும். அண்ணியின் அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. அவர் தன் பெயர் கடைசியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு விழித்திருந்து கோதுமை அறுத்திருக்கிறார். அண்ணி இரண்டு முறை பணம் கட்டி வைரம் வாங்கி மற்றவர்களின் குறையை ஈடுகட்டினார். எங்களில் யாருக்கும் அவரை அப்படிச் செய்ய வைக்கும் எண்ணம் இல்லை. பட்டியலின் அமைப்பே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

பிறகு ஒரு நாள் அண்ணியின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. ஆட்டம் விருந்தினர் கணக்கில் இருந்திருக்கிறது. எதனோடும் இணைத்து வைக்கவில்லை. பணம் கட்டிய ரசீதுகளின் படம், குழுவின் பெயர், பண்ணையின் பெயர், கடைசியாக ஆடிய தேதி என்று எல்லாவற்றையும் எழுதி மூன்று முறை விண்ணப்பித்தோம். மூன்று முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது. முதல் நிலையிலிருந்து தொடங்கலாமே என்று அண்ணன் சொன்னபோது அண்ணி, "அந்த மாமரத்த வச்சதே நம்ம பாப்பா பொறந்த அன்னைக்கு" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மாதத்துக்குள் எட்டுப் பேரும் வெளியேறினோம். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்போம். அண்ணி இல்லாத தோட்டத்தில் யாருக்கும் வேலையில்லை என்பதுதான் நடந்தது. எந்த ஆட்டத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே கணக்கை மின்னஞ்சலோடு இணைத்து வையுங்கள் என்பதை இந்த இடத்தில் மன்றாடிச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா மகனும் அவன் தோழர்களும் மாறிய விதம் வேறு. அவர்கள் ஐந்து பேர். துப்பாக்கிச் சண்டை ஆட்டமான பப்ஜி மொபைலில் ஒரு ஸ்குவாடுக்கு, அதாவது அணிக்கு, நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் லாபியில் காத்திருப்பான், அல்லது ஆடுகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பான். முறை வைத்து உட்கார்ந்தார்கள். ஆனால் ரேங்க் ஏற வேண்டும் என்ற வேகம் வந்ததும் ஒரே நால்வர் நிலைத்துவிட்டார்கள். ஐந்தாமவனுடைய போனும் பழையது. நூறு பேர் இறங்கும் பெரிய வரைபடம் அதில் திணறும். அவன் ஃப்ரீ ஃபயருக்குப் போனான். ஐம்பது பேர், சிறிய களம், ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டம், குறைந்த விலை போனிலும் ஓடும். கொஞ்ச நாளில் மற்ற நால்வரில் மூவர் அவன் பின்னால் போனார்கள். கூட்டத்தில் யாருடைய போன் பலவீனமானதோ அவருக்கு ஓடும் ஆட்டத்துக்கே கூட்டம் போய்ச் சேர்வதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பல முறை பார்த்திருக்கிறேன். பெரியவர்களிடம் அதைக் காண முடிந்தால் மகிழ்வேன்.

அவர்களின் அடுத்த மாற்றங்களில் அரசின் ஆணைகள் குறுக்கிட்டன. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் ஒன்றானது. 2021 ஜூலை 2ஆம் தேதி கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்றே பப்ஜியின் பதிப்பான பிஜிஎம்ஐயை வெளியிட்டது. கணக்கைச் சமூக ஊடகத்தோடு இணைத்திருந்தவர்கள் பழைய உடைகளையும் துப்பாக்கித் தோற்றங்களையும் புதிய செயலிக்கு எடுத்து வர ஒரு கால அவகாசம் கிடைத்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது, ஆனால் அதன் மேம்பட்ட பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருந்தது. அதே கணக்கு, அதே பொருட்கள் என்பதால் பிள்ளைகள் ஒரு மாலைக்குள் அங்கே இருந்தார்கள். 2022 ஜூலை 28ஆம் தேதி பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாத இறுதியில் நேரக் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு.

இந்தத் தடைகளின்போது நான் கவனித்த ஒன்றை எழுத வேண்டும். சேர்த்த பொருளை எடுத்துப் போக முடிந்தபோது பிள்ளைகள் ஒரே இடத்துக்குச் சேர்ந்து போனார்கள். முதல் தடைக்குப் பிந்தைய பத்து மாதங்களில், எதையும் எடுத்துப் போக முடியாத நிலையில், ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள்: ஒருவன் கால் ஆஃப் டியூட்டி, ஒருவன் ஃப்ரீ ஃபயர், இன்னொருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டான். இடையில் அமாங் அஸ் வந்தது, கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எதிரியைப் பேசிப் பேசிக் கண்டுபிடிக்கும் ஆட்டம். 2018இல் வெளியாகி இரண்டு ஆண்டு கழித்துப் புகழ்பெற்ற அந்த ஆட்டத்தில் அப்போது பத்துப் பேர் வரை சேரலாம். ஐந்தாவது பையனுக்கும் இடம் இருந்த ஒரே ஆட்டம் அதுதான். இரண்டு மாதம் ஐவரும் சேர்ந்து சிரித்த சத்தம் அக்கா வீட்டு மாடியிலிருந்து கேட்டது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே ஆட்களோடு பொய் சொல்லி ஆடினால் யார் எப்படிப் பொய் சொல்வார் என்பது தெரிந்துவிடுகிறது. பிறகு அதில் ஒன்றுமில்லை.

இனி, நாங்கள் ஏன் கிளாஷ் ஆஃப் கிளான்ஸுக்குத் திரும்பினோம் என்பதற்கு வருகிறேன். 2024இல் எங்கள் தோழன் ஒருவனின் திருமணம் ஈரோட்டில் நடந்தது. முந்தைய இரவு மண்டபத்து மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது யாரோ பழைய பேச்சை எடுத்தார்கள், நான் போனை நீட்டினேன். கிளான் அப்படியே இருந்தது. விடுதியின் பெயர், நாங்கள் வைத்த கொடி, பழைய வார் கணக்கு, எல்லாம். நான் மாதம் ஒரு முறை வந்து போனதால் கலையாமல் இருந்தது என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். அன்றிரவே ஆறு பேர் செயலியை இறக்கினார்கள்.

ஏழெட்டு ஆண்டு விட்டுப்போன கிராமம் அழிந்து கிடக்கவில்லை. இந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் நிரந்தரமாக அழிக்க முடியாது. தாக்கப்பட்டால் சேர்த்து வைத்ததில் கொஞ்சம் போகும், கட்டடங்கள் தாமே எழுந்துவிடும். நிலைகளில்தான் பெரிய இடைவெளி விழுந்திருந்தது. 2024 நவம்பரில், கிராமத்தின் வளர்ச்சியை அளக்கும் தலைமைக் கட்டடமான டவுன் ஹாலின் பதினேழாம் நிலை வந்தது. எங்களில் பலர் ஒன்பதிலும் பத்திலும் நின்றிருந்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும், மாதந்தோறும் பணம் கட்டிக் கோல்டு பாஸ் என்ற சலுகைச் சீட்டை வாங்கினால் கொஞ்சம் குறையும். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உயர்நிலைக் கட்டடம் ஒன்றை மேம்படுத்த ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிறது என்பதும் புதியவரைச் சலிப்படைய வைக்கும். ஆனால் அந்தக் காத்திருப்பே குடும்பஸ்தனுக்கு வசதியாகவும் இருக்கிறது. வேலையாட்களை ஏவிவிட்டு நான்கு நாள் திரும்பிப் பார்க்காமல் இருந்தாலும் எதுவும் கெடுவதில்லை.

2025 மார்ச்சில் படை தயாராகக் காத்திருக்க வேண்டிய நேரத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். திருமண இரவின் உற்சாகம் வடிந்து கூட்டம் மறுபடியும் மெலியத் தொடங்கிய நேரம் அது. ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருந்தவர்கள், மதிய உணவு இடைவேளையில் இரண்டு அட்டாக்கையும் முடித்துவிட்டுப் போக முடிந்தது. இந்த மாற்றம் பத்தாண்டு முன்னால் வந்திருந்தால் எங்கள் இடப்பெயர்ச்சிகளில் பாதி நடந்திருக்காது. கிளான் தோழரின் கிராமத்தைப் படை இழப்பின்றித் தாக்கிப் பார்க்கும் நட்புச் சவால், ஏழு நாள் நடக்கும், நாளுக்கு ஒரே அட்டாக் மட்டும் கேட்கும் வார் லீக் ஆகியவையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றவை. இன்று எங்கள் கிளானில் சிவப்புப் பொத்தானைப் பயன்படுத்தாதவர் ஒருவரும் இல்லை. கடந்த வாரம் பதினான்கு பேரில் ஐந்து பேர் சிவப்பில் இருந்தார்கள்; பத்துக்குப் பத்து ஆட ஒருவர் குறைந்ததால் ஐந்துக்கு ஐந்து வார் வைத்தோம். மற்றவர்கள் படை கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

தொப்பூரில் சிக்னல் இழந்த தோழன் அந்தத் திருமணத்துக்கு வரவில்லை. அப்போது புனேயில் இருந்தான். இந்த ஆண்டு மே மாதம் எங்கள் லீடரே அவனைத் தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசினான் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவன் பெயர் கிளான் பட்டியலின் அடியில் வந்து நின்றது.

நான் அவன் கிராமத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த ஆட்டத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் முளைக்கும், ஆண்டுக்கு ஒரு வடிவம். பழைய ஆட்டக்காரர்கள் அதை வெட்டாமல் வைத்திருப்பார்கள். அவன் கிராமத்தின் வடக்கு மூலையில் 2014இன் மரமும் 2015இன் மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதன் பிறகு ஒன்றுமில்லை, புல்தரை மட்டும். மதில்கள் பாதி ஊதா நிறத்தில் மேம்படுத்தப்பட்டு, பாதி அப்படியே விடப்பட்டிருந்தன.

அவன் அரட்டையில் எதுவும் எழுதவில்லை. கோட்டைக்குப் படை கேட்டான். அவன் கோட்டையில் முப்பது இடம். நான் கொடுக்கலாம் என்று கையை வைப்பதற்குள் முப்பதும் நிரம்பியிருந்தது. கொடுத்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் லீடருடையது.